களிம்பும் துருவும்: உலோக அரிப்பின் மின்னிரசாயன அடிப்படை குறித்துச் சில சிந்தனைகள்

சைவசித்தாந்த நூல்களைப் பயின்றோர் செம்பும் களிம்பும் பற்றிய உவமையை நன்கு அறிவர். ஆணவமலம் ஆன்மாவை இடையிலே வந்து பற்றியதன்று, செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு என்பது போல அநாதியாகவே உடனிருப்பது என்பது அவ்வுவமையின் பொருள். உவமை தத்துவப் பணியொன்றைச் செய்கின்றது. அதனை இரசாயனப் பாடநூலாக வாசித்துக் குற்றங்காண்பது நமது நோக்கமன்று. ஆயின் அவ்வுவமைக்குப் பின்னால் உண்மையான அவதானிப்பொன்று உள்ளது. இன்று புளியிட்டுத் துலக்கிய செம்பு சின்னாளில் மீண்டும் பசுமை படர்ந்து நிற்பதைக் காண்பவர் எவரும், குற்றம் செம்பின் உள்ளேயே இருந்து ஊறிவருகின்றது என்றே எண்ணுவர். களிம்பூறுதல் என்ற சொல்லாட்சியும் அதனையே உணர்த்துகின்றது.

இரும்பைப் பற்றிப் பேசும்போது தமிழ் வேறொரு வினையைக் கையாள்வது கவனிக்கத்தக்கது. துரு ஊறுவதில்லை, பிடிக்கின்றது. நோய் பிடிப்பது போல, பேய் பிடிப்பது போல, வெளியிலிருந்து வந்து பற்றுகின்றது. ஒரே வகைப்பட்ட நிகழ்ச்சிக்கு அகத்தே ஒரு காரணமும் புறத்தே ஒரு காரணமும் கற்பித்த இரு சொல்வழக்குகள் இவை. அரிப்பு உலோகத்தின் இயல்பா, சூழலின் தாக்குதலா என்ற வினாவுக்கு விஞ்ஞானம் விடைகாண முயன்ற வரலாறு இரண்டரை நூற்றாண்டுக்காலத்தது. அது ஆய்வுகூடத்தில் அன்றிக் கப்பற்றுறையிலே தொடங்கியது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியக் கடற்படையின் மரக்கலங்களுக்குப் பெரும்பகையாக விளங்கியவை வெப்பவலயக் கடல்களில் மரத்தைத் துளைத்துண்ணும் கடற்புழுக்களும், கப்பலின் அடியில் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைக்கும் ஓட்டுயிர்களும் பாசிகளுமாகும். 1761இல் அலாம் என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகம் மெல்லிய செப்புத் தகடுகளால் மூடப்பட்டு, அக்கப்பல் மேற்கிந்தியக் கடல்களுக்கு அனுப்பப்பட்டது. 1763இல் அதனைப் பரிசோதித்தபோது செப்பின் கீழிருந்த மரம் பழுதின்றி இருந்தது. ஆனால் செப்போடு தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் பல உளுத்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் சிதையாது எஞ்சியிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்திருந்த பழுப்புக் காகிதம் ஆணிக்கும் செப்புக்கும் இடையிற் சிக்கிக் கிடந்த இடங்கள் அவை. ஆணிகளின் இரும்பு ஒன்றே, அவற்றைச் சூழ்ந்த கடல்நீரும் ஒன்றே. ஒரு காகிதத் துண்டு செப்பையும் இரும்பையும் பிரித்துவைத்தமையே வேறுபாடு. இரும்பின் இயல்பையோ கடலின் கொடுமையையோ தனித்தனியே எடுத்து இதனை விளக்க இயலாது என்பதைக் கடற்படை அதிகாரிகள் அறிக்கையிற் பதிந்தனர். காரணத்தை அவர்கள் அறிந்திலர். கல்வானி தம் தவளை ஆய்வுகளை வெளியிடுவதற்கு (1791) இன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தன.

1800இல் வோல்ற்றா வெவ்வேறு உலோகத் தட்டுகளை உப்புநீரில் நனைத்த துணியோடு மாறிமாறி அடுக்கி மின்னோட்டத்தைப் பெற்றார். மின் எங்கிருந்து பிறக்கின்றது? இரு உலோகங்களின் வெறுந்தொடுகையிலிருந்து என்றார் வோல்ற்றா. அல்ல, நீரில் நிகழும் இரசாயன மாற்றத்திலிருந்து என்றனர் மற்றொரு சாரார். நூற்றாண்டு முழுவதும் நீடித்த இவ்விவாதத்தில் ஏங்கெல்சும் பங்குகொண்டார் என்பதை நம்மிற் பலர் நினைவிற் கொள்வதில்லை. இயற்கையின் இயங்கியல் என்ற நூலுக்காக அவர் 1882இல் எழுதிய மின்னியல் அத்தியாயத்தின் பெரும்பகுதி, தொடுகைக் கோட்பாட்டைச் சார்ந்து எழுதிய வீடமன் என்ற அறிஞரோடு நடாத்திய வாதமே. தொட்டுக்கொண்டிருப்பதால் மட்டும் சக்தி பிறவாது, ஏதோவொன்று மாறவேண்டும், அம்மாற்றமே மின்னாக உருமாறுகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். இலத்திரன் அறியப்படாத காலத்தில் எழுதப்பட்ட அவ்வத்தியாயத்தின் விவரங்கள் பல இன்று காலங்கடந்தவை. விஞ்ஞான வினாக்களுக்கு விடைகூறும் வேதநூலாக அதனைக் கொள்வது நகைப்புக்கிடமானது. சாரத்தைப் பொறுத்தவரை அவர் சரியான பக்கத்திலேயே நின்றார்.

இனி அரிப்பு நிகழும் முறையை நோக்குவோம். இதற்கு ஓர் உப்புநீர்த் துளி போதுமானது. 1920களிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உலிக் எவன்ஸ் என்பார் செய்துகாட்டிய பரிசோதனை இது. நன்கு துலக்கிய இரும்புத் தகட்டின் மீது உப்புநீர்த் துளியொன்று இடப்படுகின்றது. அந்நீரிற் சிறிதளவு பொட்டாசியம் பெரிசயனைட்டும் பினோத்தலினும் கலந்திருக்கும். முன்னையது இரும்பு அயன்களைக் கண்டால் நீலமாகும், பின்னையது காரத்தைக் கண்டால் இளஞ்சிவப்பாகும். சிறிது நேரம் சென்றபின் துளியின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையிலே பழுப்புநிற வளையமொன்று தோன்றுகின்றது. அதுவே துரு.

நடுவிலே நீலம் தோன்றியமையால், அவ்விடத்தில் இரும்பு கரைகின்றது என்பது பெறப்படும். இரும்பணு ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு அயனாகி நீருக்குட் செல்கின்றது. இஃது ஒட்சியேற்றம். இது நிகழும் இடம் அனோட்டு. விட்டுச்செல்லப்பட்ட இலத்திரன்கள் அங்கே தங்கிநிற்பதில்லை. தகட்டின் வழியே விளிம்பை நோக்கிப் பாய்கின்றன. விளிம்பிலே நீர்ப்படை மெல்லியதாகையால் வளியின் ஒட்சிசன் எளிதிற் கரைந்து உட்செல்கின்றது. அவ்வொட்சிசன் நீரோடு சேர்ந்து இலத்திரன்களை ஏற்று ஐதரொட்சைட்டு அயன்களாகின்றது. இது தாழ்த்தல். இது நிகழும் இடம் கதோட்டு. இளஞ்சிவப்பு நிறம் அவ்வயன்களின் அடையாளமாகும். நடுவிலிருந்து வரும் இரும்பு அயனும் விளிம்பிலிருந்து வரும் ஐதரொட்சைட்டு அயனும் நீரினூடே நகர்ந்து இடைவழியிற் சந்தித்து வீழ்படிவாகின்றன. அவ்வீழ்படிவு மேலும் ஒட்சியேற்றமடைந்து நீரேறிய ஒட்சைட்டாக, நாம் துரு என்றழைக்கும் பழுப்புப் பொருளாக மாறுகின்றது.

ஆகவே ஒரு துளிக்குள் ஒரு முழு மின்கலம் அடங்கியிருக்கின்றது. உலோகம் இலத்திரனுக்கு வழி, உப்புநீர் அயன்களுக்கு வழி. இவ்விரண்டில் எதனைத் துண்டித்தாலும் அரிப்பு நிற்கும். எஞ்சிய இரும்பாணிகளைக் காத்த காகிதம் முதலாவது வழியைத் துண்டித்தது. இரும்பின் நியம மின்வாய் அழுத்தம் -0.44 வோற்று, செம்பினது +0.34 வோற்று. இவ்விரண்டும் கடல்நீரிலே தொட்டிருக்கும்போது இரும்பு அனோட்டாகி, தான் தனித்திருந்தால் அழிவதிலும் விரைவாக அழிகின்றது. கப்பலின் அடி முழுவதையும் மூடிய செப்பு பரந்த கதோட்டாக நிற்க, அதன் இலத்திரன் தேவை முழுவதையும் ஈடுசெய்யும் பொறுப்பு சின்னஞ்சிறு ஆணிகள் மீது விழுந்தது.

எவன்சின் துளி காட்டும் மற்றோர் உண்மை நமது அன்றாட எண்ணத்துக்கு நேர்மாறானது. ஒட்சிசன் மிகுந்த இடமே துருப்பிடித்து அழியும் என நாம் கருதுகின்றோம். உண்மையில் அழிவது ஒட்சிசன் குறைந்த இடம். விளிம்பு ஒட்சிசனைப் பெறுகின்றது, அதற்குரிய விலையை நடுப்பகுதி கொடுக்கின்றது. கடற்கரையூர்களிலே கூரைத் தகரம் ஒன்றன்மேலொன்று படியும் மடிப்புகளுக்குள்ளும், அழுக்குப் படிந்த மூலைகளிலும், ஆணித்தலையின் அடியிலும் ஓட்டை முதலில் விழுவதற்கு இது முக்கியமான காரணம். துரு வெளியே தெரியும் இடமும் உலோகம் இழக்கப்படும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. தோற்றத்தை வைத்துச் சாரத்தை ஊகிக்க முற்படுவோர்க்கு இதைவிட எளிய எச்சரிக்கை கிடைப்பது அரிது.

மீண்டும் கப்பலுக்கு வருவோம். இரும்பாணிகளுக்குப் பதிலாகச் செப்புக் கலவை ஆணிகள் வந்தபின் 1780களிற் செப்புக் கவசம் பரவலாயிற்று. போர்க்கப்பல்கள் மட்டுமன்றி அடிமை வணிகக் கப்பல்களும் அதனைப் பூண்டன. கப்பல் விரைந்தால் அதனடியில் அடைக்கப்பட்ட மனிதச் சரக்கு வழியில் இறப்பது குறையும், இலாபம் கூடும். ஆயின் செப்பும் கடல்நீரில் மெல்ல அரிந்தது, கடற்படையின் செலவு பெருகியது. 1823இல் இதற்குப் பரிகாரம் காணுமாறு ஹம்ப்ரி டேவி கேட்கப்பட்டார். அவரது விடை அழகானது. அலாம் கப்பலில் நேர்ந்த தீமையை வேண்டுமென்றே செய்தால் என்ன? செப்போடு இரும்பு அல்லது நாகத் துண்டொன்றைத் தொடுத்துவிட்டால் அத்துண்டு தானழிந்து செப்பைக் காக்கும். 1824இல் அவர் தம் முடிவுகளை ரோயல் சங்கத்தில் வாசித்தார். செப்பின் பரப்போடு ஒப்பிடச் சிறிய துண்டுகளே போதுமாயிருந்தன. இன்று நிலத்தடிக் குழாய்களையும் கப்பல்களின் உருக்கு உடலையும் காக்கும் கதோட்டுக் காப்பு முறையின் பிறப்பு இதுவே.

பரிசோதனை வென்றது. கப்பல்கள் தோற்றன. செப்பு அரியாது நின்ற கப்பல்களின் அடியில் ஓட்டுயிர்களும் பாசிகளும் அடர்ந்து வளர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் காப்புத் துண்டுகளைக் கடற்படை கழற்றிவிட்டது. செப்பு அவ்வுயிர்களை அண்டவிடாமல் தடுத்தது அது அரிந்துகொண்டிருந்தமையாலேயே. கரைந்துசென்ற செப்பு அயன்களே அவற்றுக்கு நஞ்சாயின. அரிப்பை நிறுத்தியபோது நஞ்சும் நின்றது. எதனைக் குறையென்று நீக்கினரோ அதுவே பயனாக இருந்தமை டேவிக்குப் பெரும் மனத்தாங்கலை அளித்தது.

அரிப்பின் விளைபொருள் உலோகத்துக்கே காப்பாக அமைவதும் உண்டு. துரு நுண்டுளைகள் நிறைந்தது. நீரையும் ஒட்சிசனையும் தடுக்காது. அலுமினியத்தின் ஒட்சைட்டுப் படலமோ கண்ணுக்குத் தெரியாத மென்மையுடையதாயினும் செறிவானது. உலோகம் தன்னைத் தானே மூடிக்கொள்கின்றது. வெளியில் நிற்கும் செப்புச் சிலையின் பச்சைப் படலமும் இத்தகையதே. சித்தாந்த உவமை மலமெனக் கண்ட களிம்பு, பௌதிக நிலையில் அடியிலுள்ள செம்பின் அழிவை மட்டுப்படுத்துகின்றது. அப்படலம் நிலைப்பதும் கரைவதும் சூழ்ந்துள்ள நீரின் இயல்பைப் பொறுத்தது. இங்கேதான் நமது பொருள் கப்பற்றுறையை விட்டு வீடுகளுக்குள் நுழைகின்றது. 2014ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் நிகழ்ந்ததை இவ்வறிவோடு நோக்குவது பயனுடையது.

பிளின்ற் தொழிலாள வர்க்க வரலாற்றில் இடம்பெற்ற நகரம். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1908இல் அங்கே தோன்றியது. 1936-37 குளிர்காலத்தில் அதன் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து நடாத்திய வேலைநிறுத்தம் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தை நிலைநாட்டியது. பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1960இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த குடித்தொகை ஒரு இலட்சமளவிற்கு வீழ்ந்தது. எஞ்சியோரிற் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். பத்திற்கு நால்வர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தனர். நகரின் வருமானம் வற்றியபோது மாநில அரசு 2011இல் அவசர முகாமையாளரை நியமித்தது. மக்கள் தெரிந்தெடுத்த நகரசபையின் அதிகாரம் அவர் கைக்கு மாறியது. செலவைக் குறைப்பதே அவருக்கிடப்பட்ட பணி.

அதுவரை நகரம் டெற்றோயிற்றிலிருந்து ஹியூரன் ஏரி நீரை விலைக்கு வாங்கிவந்தது. புதிய குழாய்வழி முடியும்வரை பிளின்ற் ஆற்று நீரைப் பயன்படுத்துவதென முடிவாகி, 2014 ஏப்ரல் 25இல் அதிகாரிகள் நீர்க்குவளைகளை உயர்த்திப்பிடித்து மாற்றத்தைக் கொண்டாடினர். டெற்றோயிற் நீரில் ஒதோபொசுபேற்று சேர்க்கப்பட்டிருந்தது. அது பழைய ஈயக் குழாய்களின் உட்சுவரில் ஈயப் பொசுபேற்றாகப் படிந்து, நீரிற் கரையாத படலமாக நின்றது. ஆற்று நீரில் அது சேர்க்கப்படவில்லை. அதற்குரிய செலவு நாளொன்றுக்கு நூறு டொலரளவே எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

ஆற்று நீரிற் குளோரைட்டு மிகுதி. அதனைத் தெளிவாக்கச் சேர்த்த பெரிக்குக் குளோரைட்டு மேலும் அதனைக் கூட்டியது. ஈயத்தைப் பொறுத்தவரை சல்பேற்றும் குளோரைட்டும் எதிரெதிர்ப் பணிகளைச் செய்வன. சல்பேற்று கரையாத வீழ்படிவாகி அனோட்டை அடைக்கும். குளோரைட்டு ஈயத்தோடு கரையக்கூடிய சேர்மங்களை உண்டாக்கி அனோட்டைத் திறந்துவைக்கும். செப்புக் குழாய்களை ஈயப் பற்றாசினால் இணைத்த வீடுகளில், இணைப்பு ஒவ்வொன்றும் அலாம் கப்பலின் ஆணியாயிற்று. பரந்த செம்பு கதோட்டு, ஒரு விரற்கடைப் பற்றாசு அனோட்டு. ஈயக் குழாய்களினுள்ளே பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படலம் கரைந்தும் உதிர்ந்தும் குடிநீரிற் கலந்தது. தெருவடியிலிருந்த இரும்புக் குழாய்களும் அரிந்தன. நீர் செந்நிறமாக வந்தது. அரியும் இரும்பு நீரிலிருந்த கிருமிகொல்லியான குளோரீனை உண்டுவிட்டமையால் நுண்ணுயிர்கள் பெருக வாய்ப்பேற்பட்டது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் அப்பகுதியிற் பரவிய லீஜியனெயர் நோயினால் இறந்தோர் தொகை உத்தியோகபூர்வக் கணக்கின்படி 12.

2014 ஒக்ரோபரில் ஜெனரல் மோட்டோர்ஸ் அந்நகரிலிருந்த தன் எஞ்சின் ஆலையில் ஆற்று நீரை நிறுத்திவிட்டது. நீரின் குளோரைட்டு எஞ்சின் பாகங்களை அரிக்கின்றது என்பதே காரணம். நிறுவனத்துக்கு அயலூரின் ஏரி நீரை வாங்கும் வசதி இருந்தது, வாங்கிக்கொண்டது. ஒரே அயன், ஒரே தாக்கம். ஆலையில் அது எஞ்சின் பாகத்தைத் தொட்டது, அண்டை வீதியில் ஈயக் குழாயைத் தொட்டது. எஞ்சின் பாகத்தில் தோன்றிய அரிப்பு உடனே சான்றாக ஏற்கப்பட்டது. மக்கள் போத்தல்களில் ஏந்திவந்து அதிகாரிகள் முன் வைத்த செந்நிற நீர் சான்றாக ஏற்கப்பட மேலும் ஓராண்டு சென்றது. 2015 பெப்ரவரியில் ஒரு தாயின் வீட்டு நீரில் ஈயம் நூறுகோடியில் 104 பங்காகவும், அடுத்த மாதம் 397 பங்காகவும் காணப்பட்டது. நடவடிக்கை எடுக்கவேண்டிய எல்லை 15. அரிப்புக் கட்டுப்பாடு நடைமுறையில் உண்டு என்று மத்திய முகவரகத்துக்கு முதலிற் கூறிய மாநிலச் சுற்றாடல் திணைக்களம், ஏப்ரலில் அவ்வாறொன்று இல்லையென ஒப்புக்கொண்டது. வேர்ஜீனியாவிலிருந்து வந்த மார்க் எட்வேட்ஸ் குழுவினரோடு சேர்ந்து நகரமக்கள் தாமே வீடுவீடாக நீர்மாதிரிகளைத் திரட்டினர். 2015 செப்ரெம்பர் 24இல் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அற்றிசா, நீர்மாற்றத்தின் பின் இரத்தத்தில் ஈயம் மிகுந்த சிறுகுழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 2.4இலிருந்து 4.9ஆக உயர்ந்திருப்பதை வெளியிட்டார். ஒக்ரோபர் 16இல் நகரம் டெற்றோயிற் நீருக்குத் திரும்பியது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியோர் சிலர் பழைய ஈயக் குழாய்களையே குற்றவாளியாக்கினர், வேறு சிலர் ஆற்று நீரைப் பழித்தனர். களிம்பூறுதல், துருப்பிடித்தல் என்ற நம் இரு வினைகளும் இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றன. அக்குழாய்கள் டெற்றோயிற் நீரோடு பல்லாண்டுகள் பேரளவுக்கு அடங்கியே கிடந்தன. அவ்வாற்று நீரும் முறையாகப் பதப்படுத்தப்பட்டிருப்பின் இத்தகைய அழிவைச் செய்திராது. குழாய்க்கும் நீருக்கும் இடையிலிருந்த மெல்லிய படலத்தை யார் பேணுவது, அதற்குரிய செலவை எக்கணக்கில் எழுதுவது என்பது இரசாயனத்தால் முடிவாகும் வினாவன்று.

பொசுபேற்று மீண்டும் சேர்க்கப்பட்டபின் குழாய்களினுள்ளே படலம் சில மாதங்களில் மறுபடி உருவாகலாயிற்று. குழந்தைகளின் உடலிற் புகுந்த ஈயம் இரத்தத்திலிருந்து சில வாரங்களிற் குறையும். அதில் ஒரு பகுதி எலும்பிலே கல்சியத்தின் இடத்தைப் பிடித்துப் பல ஆண்டுகள் தங்கிவிடும். பாதிக்கப்பட்டோருக்கான 62.6 கோடி டொலர் இழப்பீட்டு உடன்பாட்டை 2021இல் நீதிமன்றம் ஏற்றது. முன்னாள் ஆளுநர் உள்ளிட்டோர் மீது அவ்வாண்டு தொடரப்பட்ட குற்றவியல் வழக்குகள் நடைமுறைக் குறைபாட்டினால் தள்ளப்பட்டு, 2023இல் முற்றாக முடிவடைந்தன. ஈயக் குழாய்களை அகற்றுவதற்கு 2017இல் நீதிமன்றத்தில் எட்டப்பட்ட இணக்கம் மூன்றாண்டு தவணை கொடுத்திருந்தது. ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டு அப்பணி நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது 2025 ஜூலையிலேயே.